கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரனார்

கடலில் ஓடும் கப்பல் யார் கையில் இருக்கிறதோ, கரையில் விற்கும் பொருளின் விலையும் அவர் கையில்தான் இருக்கும். இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்தவர் வ. உ. சிதம்பரனார்.

இவர் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையைப் போலவே வழக்கறிஞரானார்.

அக்காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி வைத்ததே கட்டணம். இந்நிலையை மாற்ற எண்ணிய வ. உ. சி., 1906-ஆம் ஆண்டு அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். முதலில் வாடகைக் கப்பல்களை ஓட்டினார். ஆங்கிலக் கம்பெனியின் நெருக்குதலால், வாடகைக்குக் கொடுத்தவர் கப்பல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வ. உ. சி. மனம் தளரவில்லை. ஊர் ஊராகச் சென்று பங்கு திரட்டினார். 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு சொந்தக் கப்பல்கள் வந்து சேர்ந்தன.

உடனே கட்டணப் போர் மூண்டது. ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாயாக்கியது. பின்னர் ஆங்கிலக் கம்பெனி இலவசமாகவே ஏற்றிச் சென்று, குடையும் பரிசளிக்க முன்வந்ததாம்!

1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளருக்காகப் போராடிய வ. உ. சி., அவ்வாண்டே சிறைப்பட்டார். 40 ஆண்டு தண்டனை, மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. கோவைச் சிறையில் மாடுபோல் செக்கிழுத்தார். 1911-இல் கம்பெனி மூடப்பட்டது; காலியாக் கப்பல் எதிரிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. 1912-இல் விடுதலையானார். வறுமையில் வாடி, 1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடியில் மறைந்தார்.

அன்புத் தோழியரே! இது பழங்கதை அன்று. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயைத் தடுத்தபோது, அதன் விலை சில மாதங்களில் ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும், பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் சென்றன. வாடகையும் காப்பீட்டுக் கட்டணமும் உயர்ந்தன. நம் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் செய்யப்படும் கார்கள் கப்பலேறியே அயல்நாடு செல்கின்றன. அவற்றை ஏற்றிச் செல்லும் லாரிக்கு வேண்டிய டீசலும் பெரும்பாலும் கப்பலில் வந்த எண்ணெயிலிருந்தே கிடைக்கிறது. ஆகவே, தொலைவில் ஒரு நீரிணையில் சண்டை மூண்டால், இங்கே அரிசி விலை ஏறும். தொழிற்சாலையில் நம் தந்தையரின் ஓவர்டைம் குறையும்.

தூத்துக்குடித் துறைமுகம் இன்று வ. உ. சி.யின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் நம் நாட்டின் ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்குகளில் பெரும்பகுதியை இன்னும் அயல்நாட்டுக் கப்பல்களே சுமக்கின்றன. அப்பெரியார் தொடங்கிய பணி நமக்காகக் காத்திருக்கிறது.