வெப்பத்துக்குப் பேரேடு எழுதிய கிளாசியஸ்

ஐஸ் கட்டியை வெளியே வைத்தால் உருகுகிறது. உருகிய தண்ணீர் அதே வெயிலில் தானாக மறுபடி கட்டியாவதில்லை. இதில் என்ன அதிசயம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் இதற்குச் சரியான கணக்கு சொல்ல 1865-ம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சொன்னவர் ருடால்ப் கிளாசியஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி.

2-1-1822 அன்று கோஸ்லின் என்ற ஊரில் பிறந்தார். அன்று அது பிரஷ்யாவில் இருந்தது. இன்று போலந்தில் இருக்கிறது. தந்தை பாதிரியார், சிறிய பள்ளிக்கூடமும் நடத்தினார். மகன் முதலில் படித்தது அங்கேதான். பெர்லின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது சரித்திரத்தில் ஆசை இருந்தது. பிறகு கணிதம், பவுதிகம் என்று மாறினார். படிப்பு முடிந்து சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியர் வேலை.

நீராவி எஞ்சின் காலம் அது. எஞ்சினுக்குள் வெப்பம் என்ன ஆகிறது என்பதில் இரண்டு கட்சி. அருவி நீர் கீழே விழுந்து சக்கரத்தைச் சுற்றுவதுபோல, வெப்பம் குறையாமலே வேலை செய்கிறது என்றார் பிரான்சின் கார்னோ. வெப்பமே வேலையாக மாறுகிறது என்று சோதனை செய்து காட்டினார் இங்கிலாந்தின் ஜூல்.

1850-ல் கிளாசியஸ் எழுதிய கட்டுரை இந்த வழக்கைத் தீர்த்தது. வெப்பத்தில் ஒரு பகுதி வேலையாகிறது. மீதி குளிர்ந்த இடத்துக்குப் போய்விடுகிறது. குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்கு வெப்பம் தானாக ஏறாது என்பதையும் விதியாக வைத்தார். அப்போது அவருக்கு வயது 28.

ஏறாது என்று சொன்னால் போதுமா? எவ்வளவு என்று எண்ணில் காட்ட வேண்டாமா? அதற்கு மேலும் 15 ஆண்டுகள் பிடித்தன. சூரிச் நகரில் பேராசிரியராக இருந்தபோது, 1865-ல், அந்த எண்ணுக்கு என்ட்ரோபி என்று பெயர் வைத்தார். கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்து, எனர்ஜி என்பதுபோல ஒலிக்கும்படி அமைத்த பெயர்.

ஐஸ் கணக்கு

குமாஸ்தா வேலை பார்க்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். உருகி முடியும்வரை தெர்மாமீட்டர் 0 டிகிரியை விட்டு நகராது. இதை ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தார். கிளாசியஸ் அந்த வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்தார். 0 டிகிரி என்பது கெல்வின் அளவில் 273. எண்பதை 273-ஆல் வகுத்தால் 0.293. இது ஐஸின் வரவு.

அறை 30 டிகிரி, அதாவது கெல்வின் அளவில் 303. அறை கொடுத்ததும் அதே 80 கலோரிதான். ஆனால் 303-ஆல் வகுத்தால் 0.264. இது அறையின் பற்று. வரவு மிஞ்சுகிறது. மொத்த என்ட்ரோபி கூடினால் காரியம் தானாக நடக்கும். ஐஸ் உருகுகிறது.

அறை மைனஸ் 10 டிகிரியாக இருந்தால்? 263-ஆல் வகுக்க வேண்டும், 0.304. பற்று மிஞ்சிவிட்டது. ஐஸ் உருகாது. கலோரிப் புத்தகத்தை மட்டும் புரட்டினால் இரண்டு இடத்திலும் கணக்கு நேராகத்தான் இருக்கும். வித்தியாசம் தெரிவது இந்த இரண்டாவது பேரேட்டில்தான்.

தண்ணீர் ஆவியாவது இன்னும் பெரிய பதிவு. ஒரு கிராமுக்கு 540 கலோரி. கொதிநிலை 373. வகுத்தால் 1.45. ஐஸ் உருகுவதைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு! கட்டி தளர்ந்து தண்ணீராவது வேறு, தண்ணீர்த் துகள்கள் பிரிந்து திசைக்கொன்றாகப் பறப்பது வேறு அல்லவா? இந்தத் துகள் விளக்கத்துக்குக் கணித வடிவம் கொடுத்தவர் பிற்பாடு வந்த போல்ட்ஸ்மன். கொதிநீரைவிட ஆவி பட்டால் புண் பெரிதாவதும் அந்த 540 கலோரியால்தான். எஞ்சின் ஷெட்டில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

போர்க்களத்தில்

1869-ல் பான் நகரப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அடுத்த ஆண்டே பிரான்சுடன் போர். ஐம்பதை நெருங்கிய பேராசிரியர் மாணவர்களைத் திரட்டி, காயம்பட்டவர்களைத் தூக்கும் படை ஒன்றை நடத்தினார். அவருக்கே காலில் அடிபட்டது. அந்த வலி கடைசிவரை இருந்தது. இரும்புச் சிலுவை விருது கிடைத்தது.

1875-ல் ஆறாவது பிரசவத்தில் மனைவி அடெல்ஹைட் இறந்துபோனார். பிள்ளைகளின் வீட்டுப் பாடத்தைக்கூடத் தாமே பார்த்தார் கிளாசியஸ். ஆராய்ச்சிக்கு நேரம் குறைந்தது. அந்த ஆண்டுகளில்தான் மற்றவர்கள் என்ட்ரோபியை வைத்துக்கொண்டு வெகுதூரம் போனார்கள்.

லண்டன் ராயல் சொசைட்டி 1879-ல் அவருக்குக் கோப்ளி பதக்கம் அளித்தது. 1886-ல் மறுமணம் செய்துகொண்டார். 24-8-1888 அன்று பான் நகரில் காலமானார். வயது 66.