ஆளவந்தார் காட்டிய ஆத்மஸ்வரூபம்

ஶ்ரீ:
ஶ்ரீமதே ராமாநுஜாய நம:

நாதமுனிகளின் திருப்பேரனாராய், ஈச்வரமுனிகளின் திருக்குமாரராய், 10ஆம் நூற்றாண்டில், ஆடி மாதம் உத்திராடத் திருநக்ஷத்திரத்தில், இக்காலத்துக் காட்டுமன்னார்கோயிலான வீரநாராயணபுரத்தில் திருவவதரித்தவர் யாமுநாசார்யர். இளம்பருவத்திலேயே அரசவை வித்வானான ஆக்கியாழ்வானை வாதில் வென்று, ராஜமஹிஷியால் ஆளவந்தார் என்று அழைக்கப்பெற்றார். ராஜ்யத்தில் பாதியையும் பெற்று அரசாண்டார்.

உய்யக்கொண்டாரின் நியமனத்தைத் தலைமேற்கொண்ட மணக்கால்நம்பி, அரசரை அணுக வழியின்றி, அவர் மடைப்பள்ளிக்கு 6 மாதங்கள் தூதுவளைக்கீரை கொடுத்து வந்தார். பின்பு கீரை நின்றது. ஆளவந்தார் காரணம் வினவி நம்பியை அழைப்பித்தார். பாட்டனார் தேடிவைத்த நிதியொன்று உண்டென்று சொல்லி, கீதையின் பொருளை உபதேசித்து, திருவரங்கத்துக்கு அழைத்துச் சென்று, பெரியபெருமாளையே அந்நிதியாக நம்பி காட்டிக்கொடுத்தார். ஆளவந்தார் அரசைத் துறந்து, ஸந்யாஸாச்ரமம் ஏற்று, தர்சன நிர்வாஹகரானார்.

அறிவு மூளையில் பிறக்கிறதென்று இன்று பலர் கூறுவர். அன்று உலகாயதர் கூறியதும் ஏறக்குறைய இதுவே. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு இவற்றில் தனித்தனியே இல்லாத சிவப்பு, சேர்க்கையில் தோன்றுமாப்போலே, பூதங்களின் சேர்க்கையில் அறிவு தோன்றி, உடலோடே அழியும் என்பது அவர்கள் பக்ஷம். அது மெய்யாகில், எம்பெருமானை அநுபவிக்க நித்யமான ஆத்மாவே இல்லையாகும். மோக்ஷமும் கைங்கர்யமும் வெறும் பேச்சாய் முடியும்.

ஆகையால் ஆளவந்தார் ஆத்மஸித்தியில் இவ்விஷயத்தை விரிவாக ஆராய்ந்தார். என் உடல் என்னும்போது சுட்டப்படுவது உடல், சுட்டுகிறவன் வேறு. உடலின் நிறமும் பருமனும் பிறர்க்கும் புலப்படும். ஒருவனுடைய அறிவோ அவனுக்கே நேரே தோன்றும். அவயவங்கள்தோறும் அறிவு உண்டென்னில், ஓருடலில் அறிபவர் பலர் இருக்க வேண்டிவரும். உடல், இந்த்ரியங்கள், மனஸ், ப்ராணன், புத்தி இவையனைத்திலும் வேறாய், தானே தோற்றுமதாய், நித்யமாய், உடல்தோறும் வேறாய் இருப்பது ஆத்மா என்று நிர்ணயித்தருளினார்.

மூளை பழுதுபட்டால் அறிவு மங்குகிறதே என்னில், கர்மத்தாலே தர்மபூத ஜ்ஞானம் சுருங்கும் என்பது நம் ஸித்தாந்தம். குடத்துள் வைத்த விளக்கின் ஒளி குடத்தளவாய்ச் சுருங்கும். அதனால் விளக்கைக் குடம் பிறப்பித்ததாகாது.

ஆத்மஸித்தி இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. ஆயினும் அதன் பயனை ஸ்தோத்ரரத்நத்தில் காணலாம். உடல் முதலானவற்றுள் தாம் எதுவாயினும், எத்தன்மையராயினும், அந்தத் தம்மை இன்றே திருவடிகளில் ஸமர்ப்பித்ததாக அங்கே விண்ணப்பம் செய்கிறார். உடனே, தாமும் தமக்குள்ளவையும் என்றும் அவனுடைமையேயாயிருக்க, ஸமர்ப்பிக்க என்ன உண்டென்று அதற்கும் அநுதபிக்கிறார்.

ஆத்மா உடலன்று என்று வாதிகளுக்குக் காட்டியவர், அது நம்முடையதுமன்று, அவனுடையதே என்று நமக்குக் காட்டியருளினார்.

ஆளவந்தார் திருவடிகளே சரணம்.