பெரியாற்றைத் திருப்பிய கர்னல்

நம் குழாயில் வரும் வைகைத் தண்ணீரில் பெரியாறும் கலந்திருக்கிறது. அதற்குக் காரணமானவர் கர்னல் ஜான் பென்னிகுயிக்.

1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தார். அப்பா ராணுவ அதிகாரி. 1849 ஜனவரி 13 அன்று, சீக்கியர்களுடன் சிலியன்வாலாவில் நடந்த போரில் அப்பாவும் 17 வயது அண்ணனும் ஒரே நாளில் மாண்டார்கள். ஜானுக்கு எட்டு வயது முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அவரும் ராணுவத்தில்தான் சேர்ந்தார், ஆனால் பொறியாளர் பிரிவில். மேற்கே கடலுக்கு ஓடிய பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே வைகைப் பக்கம் திருப்பினார். 1887இல் தொடங்கிய வேலையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, மறுபடி கட்டினார்கள். காய்ச்சலிலும் காலராவிலும் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் இறந்தார்கள். தேனி பேருந்து நிலையத்துக்குக் கர்னலின் பெயர் இருக்கிறது. அவர்களுடைய பெயர் எங்கும் இல்லை. 1895 அக்டோபரில் தண்ணீர் திறக்கப்பட்டது.

சொத்தை விற்று அணை கட்டினார் என்பார்கள். பணம் போட்டது மதராஸ் அரசுதான். (இதைக் கம்பத்துக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள்!) 1911இல் இங்கிலாந்தில் இறந்தார். பிறந்தநாள் பொங்கலை ஒட்டி வருவதால் அந்தப் பக்கத்து விவசாயிகள் அவருக்கும் பொங்கல் வைக்கிறார்கள்.

அவர் சிலை தல்லாகுளம் பொதுப்பணித்துறை வளாகத்தில் இருக்கிறது.