ரேச்சல் கார்சன் மீது சுமத்தப்பட்ட பழி

விஞ்ஞானத்தின் பெயரால் எடுக்கப்படும் தீர்மானங்களின் சமூக விளைவுகள் பற்றிப் பேசப்படும் போதெல்லாம் ரேச்சல் கார்சன் அம்மையாரின் பெயர் நினைவுகூரப்படுவது வழமை. ஆனால் அப்பெயரோடு ஒரு பழியும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. டி.டி.ரி. மருந்துக்குத் தடை வரக் காரணமாகி, மலேரியாவுக்குப் பெருந்தொகையான மக்களைப் பலிகொடுத்தவர் அவர் என்பதே அப்பழியாகும். அதற்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது வேறெந்த நாடுமன்று, நமது இலங்கையே. எனவே இதனை நாம் கண்டும் காணாதிருப்பது முறையன்று.

1907 மே 27 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் கார்சன் பிறந்தார். எழுத்தாளராகும் எண்ணத்துடன் கல்லூரியில் ஆங்கிலம் பயிலத் தொடங்கியவர் இடைநடுவில் உயிரியலுக்கு மாறினார். 1932 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். மேற்கொண்டு பயில வறுமை இடங்கொடுக்கவில்லை. 1935 இல் தந்தையார் காலமானார். 1937 இல் சகோதரியும் இறந்துவிட, அவருடைய இரு பெண்பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பும் இவருடையதாயிற்று. அரசாங்கத்தின் மீன்வளப் பணியகத்தில் உத்தியோகம் பார்த்தபடியே இரவுகளில் எழுதினார். கடலைப் பற்றி 1951 இல் அவர் வெளியிட்ட நூல் தேசிய நூல் விருதைப் பெற்றதோடு, உத்தியோகத்தைத் துறந்து முழுநேர எழுத்தாளராகவும் வழிசெய்தது.

டி.டி.ரி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்த சுவிட்சர்லாந்து விஞ்ஞானி போல் முல்லருக்கு 1948 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதில் தவறேதுமில்லை. யுத்த காலத்தில் பேன்களால் பரவிய தைபஸ் காய்ச்சலிலிருந்து எண்ணற்றோரைக் காத்த மருந்து அது. யுத்தம் முடிந்ததும் அதே மருந்து, பக்கவிளைவுகள் போதியளவு ஆராயப்படாத நிலையில், விமானங்கள் மூலம் வயல்கள், காடுகள், குடிமனைகள் மீதெல்லாம் பொழியப்பட்டதே வினையாயிற்று. 1945 இலேயே இதுபற்றிக் கட்டுரையொன்று எழுத கார்சன் முன்வந்தார். பிரபல சஞ்சிகையொன்று அதனை ஏற்க மறுத்தது. 1958 இல், மருந்து தெளிக்கப்பட்ட பின்னர் தமது வளவில் பறவைகள் இறந்து கிடந்ததை நண்பியொருவர் எழுதித் தெரிவித்ததை அடுத்தே அவர் மீண்டும் இவ்விடயத்தைக் கையிலெடுத்தார்.

அவர் திரட்டிய ஆதாரங்களுள் கலிபோர்னியாவின் கிளியர் ஏரி பற்றியது இன்றும் மனதை உலுக்கவல்லது. நுளம்பை ஒத்த, ஆனால் கடிக்காத சிறு பூச்சியொன்றை ஒழிப்பதற்காக, டி.டி.ரி.யின் உறவுமுறை இரசாயனமான டி.டி.டி. 1949 முதல் மூன்று தடவைகள் அந்த ஏரியில் கலக்கப்பட்டது. முதற் தடவை கலந்த அளவு ஏழு கோடி பங்கு நீருக்கு ஒரு பங்கு மாத்திரமே. அது மிதவை நுண்ணுயிர்களில் சேர்ந்து, அவற்றை உண்ட மீன்களில் பெருகி, மீன்களை உண்ட முக்குளிப்பான் பறவைகளின் கொழுப்பில் பத்து இலட்சத்துக்கு 1,600 பங்கு என்னுமளவுக்குத் திரண்டிருந்தது. ஆயிரம் சோடிகளாக வாழ்ந்த பறவைகள் 1960 அளவில் முப்பது சோடிகளாகக் குறைந்தன. கலந்தவர்கள் கணக்குத் தெரியாதவர்களல்லர். நீரை அளந்தார்கள், நீரில் வாழும் உயிர்களை அளக்கவில்லை.

1962 இல் ‘மௌன வசந்தம்’ வெளிவந்தபோது எழுந்த எதிர்ப்பு சாதாரணமானதன்று. வெளியீட்டாளர் மீது வழக்குத் தொடரப் போவதாக இரசாயனக் கம்பனியொன்று மிரட்டியது. திருமணமாகாத பெண், உணர்ச்சிவசப்படுபவர், கம்யூனிஸ்ட் சார்பாளர் என்றெல்லாம் வசைபாடினர். அவ்வேளை அவர் மார்புப் புற்றுநோயால் மெல்ல மெல்ல இறந்துகொண்டிருந்தார். 1960 இல் சத்திரசிகிச்சை நடந்தபோது நோயின் உண்மைத் தன்மையை வைத்தியர்கள் அவரிடமே மறைத்தனர். அறிந்த பின்னர் அவர் அதனை உலகிடம் மறைத்தார். நோயாளியின் புலம்பல் என்று தமது ஆதாரங்கள் தள்ளப்பட்டுவிடும் என்ற அச்சமே காரணம். 1963 மே மாதத்தில் ஜனாதிபதி கெனடியின் விஞ்ஞான ஆலோசனைக் குழு வெளியிட்ட அறிக்கை அவரது நிலைப்பாட்டைப் பெரிதும் உறுதிப்படுத்தியது. அடுத்த மாதம் செனற் குழு முன் சாட்சியமளித்தார். 1964 ஏப்ரல் 14 இல் தமது 56 ஆவது வயதில் காலமானார்.

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகிய 1934-35 இல் மலேரியா இங்கு ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. யுத்தம் முடிந்த கையோடு வீடுகளின் உட்சுவர்களில் டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கினர். 1946 இல் ஏறத்தாழ 28 இலட்சமாக இருந்த நோயாளர் தொகை 1963 இல் 17 பேராகக் குறைந்தது. 1964 இல் தெளிப்பு நிறுத்தப்பட்டது. 1969 இல் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் மீண்டும் நோயுற்றனர்.

தெளிப்பை நிறுத்தியவர் கார்சன் அல்லர். நோய் போய்விட்டது என்று நம்பிய நிர்வாகமே அதனை நிறுத்தியது, கண்காணிப்பும் தளர்ந்தது. அமெரிக்காவில் டி.டி.ரி.க்குத் தடை வந்ததோ 1972 இல், அதுவும் விவசாயப் பாவனைக்கே. 2001 இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஸ்டொக்ஹோம் சமவாயமும் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க அதற்கு இடமளித்தது. கார்சன் எல்லா மருந்தையும் கைவிடுமாறு கேட்கவுமில்லை. கண்மூடித்தனமாகத் தெளித்தால் நுளம்புகள் எதிர்ப்புச் சக்தி பெற்று, தேவைப்படும் வேளையில் மருந்தே பயனற்றுவிடும் என அவர் எச்சரித்திருந்தார். இங்கும் அதுவே நிகழ்ந்தது. டி.டி.ரி.க்கு நுளம்புகள் பணிய மறுத்ததால் 1970களில் மலத்தியனுக்கு மாறவேண்டி வந்தது. (2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அறிவித்தலில் நிறுத்தி, அதே ஆண்டு நவம்பரில் அதிலிருந்து பின்வாங்கிய நமது ஆட்சியாளர்கள் இந்நூலைப் படித்திருந்தால், தடை என்பதும் ஆராயப்பட வேண்டியதொரு தீர்மானமே என்பதை உணர்ந்திருப்பார்கள்.)

இலங்கையில் உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாகச் சான்றுப்படுத்தியது. அந்த வெற்றியை ஈட்டித் தந்தது ஒற்றை மருந்தன்று. கிராமம் கிராமமாகச் சென்று இரத்தம் பரிசோதித்த சுகாதார உத்தியோகத்தர்கள், யுத்தம் நடந்த பிரதேசங்களிலும் விநியோகிக்கப்பட்ட நுளம்பு வலைகள், தேவையான இடத்தில் மாத்திரம் மாற்றி மாற்றித் தெளிக்கப்பட்ட மருந்துகள் என யாவும் சேர்ந்தே அதனைச் சாதித்தன.