ஜெல்லியில் நிலநடுக்கம் காட்டிய பேராசிரியர்

ஜெல்லியைக் கண்டால் நமக்குக் கரண்டிதான் நினைவுக்கு வரும். நிலம் ஏன் நடுங்குகிறது என்பதையே அந்த ஜெல்லியால் விளக்கிக் காட்டினார் ஒருவர். அவர்தாம் ஹாரி ஃபீல்டிங் ரீட்.

ரீட் 1859ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிறந்தார். அவ்வூரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1885இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னாளில் அங்கேயே பேராசிரியரானார். முதலில் அவர் மனத்தைக் கவர்ந்தவை பனியாறுகளே. 1890லும் 1892லும் அலாஸ்கா சென்று அவற்றை அளந்து படம் வரைந்தார். அங்கே ஒரு பனியாறு அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

1906 ஏப்ரல் 18 விடியற்காலையில் சான் பிரான்சிஸ்கோ நகரம் குலுங்கியது. தொடர்ந்து தீயும் பரவியது. ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர். சான் ஆண்ட்ரியாஸ் என்னும் நிலப்பிளவு 400 கிலோமீட்டருக்கும் மேல் பெயர்ந்திருந்தது. ஓரிடத்தில் சாலையே சுமார் 6 மீட்டர் பக்கவாட்டில் விலகிக் கிடந்ததாம்! காரணத்தை ஆராய அமைத்த குழுவில் ரீடும் இருந்தார்.

நடுக்கத்தால் பிளவு பெயர்ந்ததா, பிளவு பெயர்ந்ததால் நடுக்கம் வந்ததா? இதற்கு விடை பழைய நில அளவைக் கணக்குகளில் ஒளிந்திருந்தது. கடலிலுள்ள ஃபாரலான் தீவின் கலங்கரை விளக்கம், நடுக்கத்திற்குப் பல்லாண்டு முன்பிருந்தே, பிளவுக்கு அப்பாலுள்ள மலைகளை நோக்க வடக்கே நகர்ந்து வந்திருந்தது. அப்படியானால் இடையிலுள்ள பாறை மெல்ல மெல்ல வளைந்து கொண்டிருந்தது என்றுதானே பொருள்?

ரீட் இதைச் சோதித்துப் பார்த்தார். இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே கெட்டியான ஜெல்லியை உறைய வைத்து, குறுக்கே ஒரு நேர்கோடு வரைந்தார். ஒரு கட்டையைச் சற்றே பக்கவாட்டில் தள்ளினார். கோடு சாய்ந்தது. பிறகு ஜெல்லியை நடுவில் கத்தியால் பிளந்தார். இரு பாதிகளும் சட்டென்று பழைய வடிவுக்குத் துள்ளின. கோடு இருபுறமும் மீண்டும் நேரானது. ஆனால் துண்டுகள் ஒன்றோடொன்று சேரவில்லை! வெட்டின் ஓரத்தில் துள்ளல் மிகுதி, கட்டையருகே ஒன்றுமேயில்லை. 1906இல் நிலத்தில் அளந்ததும் அப்படியே இருந்தது. (நாமும் வீட்டில் செய்து பார்க்கலாம். கத்திக்கு மட்டும் அம்மாவிடம் அனுமதி கேட்க வேண்டும்.)

1910இல் வெளியான அறிக்கையில் ரீட் இதை விளக்கினார். மீட்சிக் கொள்கை என்று நாம் தமிழில் சொல்லலாம். பிளவுக்குக் குறுக்கே வரிசையாகத் தூண்கள் நட்டு அவ்வப்போது அளந்து வந்தால், பாறை எவ்வளவு வளைந்திருக்கிறது என்று அறியலாம் என்றும் யோசனை கூறினார். அவர் செய்தவற்றுள் எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். மாண்டவர்களை எண்ணியதோடு நில்லாமல், இனி வாழப்போகிறவர்களையும் எண்ணினார் அல்லவா?

ரீட் 1944இல் காலமானார். அவர் சொன்ன தூண்களின் வேலையை இன்று செயற்கைக்கோள் வழியே செய்கிறார்கள். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்வையும் அளந்து விடுகிறார்கள். நடுக்கம் வரும் நாளைச் சொல்லத்தான் இன்னும் எவராலும் இயலவில்லை.