மல்லாசிரியர் கானோ ஜிகோரோ

மற்போர் தமிழர்க்குப் புதியதொரு வித்தையன்று. முக்காவனாட்டு ஆமூரில் வலிமை மிக்க மல்லனொருவனைச் சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி பொருது வென்ற செய்தியைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியிருக்கின்றனர். ஒரு காலை எதிரியின் மார்பில் ஊன்றி, மற்றொரு காலை அவன் முதுகுப்புறமாகச் செலுத்தி அவனை அடக்கிய அவ்வரசனது நிலையை, இக்காலத்துப் பிரேசில் ஜியு ஜிட்சு பயிலும் இளைஞனொருவன் அறிவானாயின், தன் பயிற்சிக் கூடத்தில் நாள்தோறும் காணும் நிலையே அஃதென்று வியப்பான்.

ஆயினும், வலியார் பலர் தோன்றி மறைந்த நாட்டில் அவர்தம் வித்தை அவரோடே மறைவது பெரும்பாலும் இயல்பாயிற்று. மல்லனொருவனைப் புகழ்தல் எளிது. மல்வித்தைக்கு ஒரு பள்ளி அமைத்து, அது தன் காலத்திற்குப் பின்னும் நிலைபெறுமாறு செய்தல் அரிது. அவ்வரிய செயலைக் கல்லூரி மாணாக்கராயிருந்த பருவத்திலேயே எண்ணி முடித்தவர் ஜப்பான் தேசத்துக் கானோ ஜிகோரோ என்பார். அவரது சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறுவோம்.

கானோ 1860ஆம் ஆண்டில், கோபே நகரை அடுத்த மிக்காகே என்னும் கடற்கரையூரில், செல்வம் பொருந்திய குடியொன்றிற் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பின்னர்த் தந்தையாரால் டோக்கியோவிற்கு அழைத்துச் செல்லப்பட்டு, விடுதியில் தங்கிக் கல்வி பயின்றார். படிப்பில் முதன்மையும் உடலில் மெலிவும் ஒருங்கே வாய்ந்த சிறுவனுக்கு விடுதியில் நேரும் துன்பம் யாவர்க்கும் தெரிந்ததே. வலிய மாணாக்கர் அவரை அடித்துத் துன்புறுத்தினர். மெலியவன் வலியவனை வெல்லும் வித்தை ஜூஜுட்சு என்று அவர் கேள்வியுற்று, அதனைக் கற்க விழைந்தார்.

ஆனால் அக்காலம் அவ்வித்தைக்கு உகந்த காலமாயில்லை. 1868ஆம் ஆண்டின் அரசியல் மாறுதலுக்குப் பின் ஜப்பானியர் மேனாட்டு முறைகளையே நாடினர். 1876இல் வீரர் வாள் தரித்தலும் தடுக்கப்பட்டது. ஜூஜுட்சு ஆசிரியர் பலர் எலும்பு முறிவுக்குக் கட்டுக் கட்டிப் பிழைத்து வந்தனர். நம் நாட்டில் சிலம்ப ஆசான்மார் சிலர் வர்ம வைத்தியமும் அறிந்திருத்தலை ஒப்ப, அடிக்கும் கையே ஆற்றும் கையாகவும் இருந்தமையால், கானோ எலும்பு வைத்தியர்களிடம் உசாவியே தமக்கோர் ஆசிரியரைத் தேடினார். இவ்வாறு 1877இல், டோக்கியோ சர்வகலாசாலையில் மாணாக்கராய்ச் சேர்ந்த அவ்வாண்டிலேயே, ஃபுகுடா ஹாச்சினோசுக்கே என்பவரை அடைந்தார்.

ஃபுகுடா விளக்கம் கூறுபவரல்லர். ஒரு வீச்சின் நுட்பம் யாதென மாணாக்கர் வினவினால், மறுமொழியாக அவரைப் பலமுறை தூக்கி எறிவதே அவரது போதனை. கானோ வீழ்ந்து வீழ்ந்து கற்றார். எனினும் காரணத்தை ஆராய்வதையும் விட்டாரல்லர். அங்கே தம்மினும் பெருத்த உடலினரான ஃபுகுஷிமா என்னும் தோழரை வெல்ல இயலாதபோது, நூல்நிலையம் புகுந்து மேனாட்டு மற்போர் நூல்களை ஆராய்ந்து, தோளிற் சுமந்து எறியும் முறையொன்றைக் கண்டு, அதனால் அவரை வீழ்த்தினார். ஏட்டுக் கல்வியும் உடற்பயிற்சியும் ஒன்றற்கொன்று பகையென எண்ணுவோர் இதனைச் சிந்திப்பாராக.

ஃபுகுடா 1879இலும், அவருக்குப்பின் கற்பித்த ஈசோ 1881இலும் காலஞ்சென்றனர். கானோ மூன்றாவதாக ஈக்குபோ என்பவரை அடைந்தார். ஒருநாள் பயிற்சியில், என்றும் தம்மை வீழ்த்தும் அவ்வாசிரியரைத் தாமே மீண்டும் மீண்டும் வீழ்த்தினார். எதிரியை எறியுமுன் அவன் நிலையைத் தளர்த்தல் வேண்டும். அவன் தள்ளினால் இழுத்தலும், இழுத்தால் தள்ளுதலும் செய்து, அவன் வலிமையையே அவனுக்குப் பகையாக்கல் வேண்டும். இவ்வுண்மையை அவர் தெளிந்தமையே வெற்றிக்குக் காரணம். ஆசிரியரும் தாம் கற்பிக்க வேண்டுவது இனி இல்லையென மனமுவந்து கூறினார்.

இதற்கு முன்னரே, 1882இல், தமது இருபத்திரண்டாம் பிராயம் நிரம்புமுன், டோக்கியோவில் எய்ஷோஜி என்னும் பௌத்த ஆலயத்தில் 12 பாய் விரிக்கும் அளவினதான ஓர் அறையில் கானோ தம் பள்ளியைத் தொடங்கியிருந்தார். அதற்குக் கொடோகன் என்று பெயர். முதலாண்டில் மாணாக்கர் ஒன்பதின்மரே. அவர்கள் விழும் அதிர்ச்சியால் ஆலயத்துத் தளம் பழுதுற, இரவில் விளக்கேந்தித் தளத்தின் கீழ் நுழைந்து அதனைச் செப்பனிட்டவரும் ஆசிரியரே. மாணாக்கரிடம் பொருள் கொள்ளாது, தாம் நூல்களை மொழிபெயர்த்துப் பெற்ற ஊதியத்தால் பள்ளியை நடத்தினார்.

அப்பள்ளியின் தனிச் சிறப்பு யாது? பழைய வித்தையில் ஊறு விளைக்கும் அடிகளை வரையறுத்த ஒத்திகைக்கு மட்டும் ஒதுக்கி, எஞ்சியவற்றைக் கொண்டு இருவர் முழு வலிமையுடன் நாள்தோறும் பொருது பழக இடம் செய்தார். முதற் பாடம் எறிதலன்று, ஊறின்றி விழுதல். பிடியில் அகப்பட்டவன் கையால் தட்டித் தோல்வியை அறிவித்தால் பிடித்தவன் உடனே விடுதல் வேண்டும். தன்னிடம் அகப்பட்ட உடலைத் தன் உடலெனப் பேணாதவன் நாளை யாருடன் பயில்வான்? தோழனின்றிப் பயிற்சியில்லை, ஆதலின் அவன் நலமே தன் நலம். ஆற்றலை நன்கு பயன்கொள்ளலும், தானும் பிறரும் ஒருங்கே வாழ்தலும் என்று கானோ பிற்காலத்தில் போதித்த இரு கொள்கைகளும் இப்பயிற்சியினின்று கிளைத்தவையே. வித்தை என்பதினும் நெறி என்பதே பொருந்துமெனக் கருதி இதனை ஜூடோ என்றழைத்தார். 1883இல் தோமிதா, சைகோ என்னும் இரு மாணாக்கர்க்கு முதற்படித் தகுதி வழங்கினார். கறுப்புக் கச்சை முதலிய அடையாளங்களும் இப்பள்ளி வழியே உலகிற் பரவின.

அவர் மல்லாசிரியர் மட்டுமல்லர். குமமோட்டோவில் உயர்தரப் பள்ளிக்கும், பின்னர்ப் பல்லாண்டுகள் டோக்கியோ உயர்தர ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக்கும் தலைவராயிருந்தார். சீன மாணாக்கர்க்கென அவர் அமைத்த பள்ளியில் லூ சூன் பயின்றார். பெண்களுக்கும் ஜூடோ கற்பித்து, 1926இல் அவர்க்கெனத் தனிப் பிரிவு நிறுவினார். 1909இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவில் உறுப்பினரானார். 1929இல் கவி தாகூரின் விருப்பத்தின்படி, கொடோகனைச் சேர்ந்த தக்ககாக்கி என்பவர் நம் நாட்டுச் சாந்திநிகேதனத்திற்கு வந்து ஜூடோ கற்பித்தார்.

பிரேசிலுக்கு இவ்வித்தை சென்றது வேறு வழியால். 1904இல் அமெரிக்கா சென்ற மாயெதா மிட்சுயோ என்னும் கொடோகன் மாணாக்கர், பந்தயப் பொருளுக்காக நாடெங்கும் பொருதார். கானோ அதனை விரும்பினாரல்லர். மாயெதா 1914இல் பிரேசிலை அடைந்து, பெலெம் நகரில் தங்கி, கார்லோஸ் கிரேசி என்னும் இளைஞர்க்குக் கற்பித்தார். கார்லோஸ் 1925இல் ரியோ டி ஜெனிரோவில் பள்ளி தொடங்கினார். தம்பி ஹீலியோ முதலியோருடன் அக்குடும்பத்தார் நிலத்திற் கிடந்து பொருதலையே சிறப்பாக வளர்த்தமையின், பிரேசில் ஜியு ஜிட்சு தனிக் கிளையாயிற்று. ஆசிரியர் விரும்பாத பாதையிற் சென்ற மாணாக்கரும் அவர் வகுத்த ஒழுங்கை உடன்கொண்டே சென்றனர். இன்றும் அக்கூடங்களில் விழக் கற்பதும், தட்டினால் விடுவதும், கச்சையால் தகுதி குறிப்பதும் உள.

கானோவின் இறுதிக்காலம் துயர் கலந்தது. 1940ஆம் ஆண்டின் ஒலிம்பிக் பந்தயத்தை டோக்கியோவிற்குப் பெறப் பெரிதும் உழைத்தார். அதன் பொருட்டுக் கெய்ரோ சென்று திரும்புகையில், 1938 மே 4ஆம் நாள் கப்பலிலேயே உயிர் நீத்தார். போரின் காரணமாக அப்பந்தயம் நடைபெறவில்லை. பிறர் நலமே தன் நலமென்று போதித்தவர் நாடு, பிறர் நாடுகளைத் தாக்கிப் பெரும்போரில் இறங்கியது. அவர் உழைப்பின் பயன் வீணாயிற்றோ எனின், அன்று. 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடைபெற்றபோது ஜூடோவும் அதில் இடம்பெற்றது.

திருவண்ணாமலையினின்று செஞ்சி செல்லும் பெருவழியிலுள்ள எம் கீழ்பென்னாத்தூர் போன்ற சிற்றூர்களிலும் உடற்பயிற்சியில் ஆர்வமுடைய இளைஞர் உளர். பெரிய கட்டடமும் பெரும்பொருளும் இன்மையால் ஒரு கூடம் தொடங்க இயலாதென்று சோர்தல் வேண்டா. பன்னிரண்டு பாயும், ஒன்பது தோழரும், தளத்தின் கீழ் நுழைந்து செப்பனிட நாணாத ஓர் ஆசிரியரும் போதும் என்பதே கானோவின் வாழ்க்கை நமக்கு உணர்த்துவது. அடிபட்ட சிறுவன் பழிவாங்கக் கற்கத் தொடங்கினான்; கற்று முடித்தபோது, தன்னிடம் வீழ்ந்தவனைத் தாங்கக் கற்றிருந்தான். கல்வியின் பயன் இதனினும் வேறுண்டோ?