சொல்லின் எடை அறிந்தவர்

முத்தாபுதுப்பேட்டையில் நான் குடியிருக்கும் தெருவைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர், சென்ற மாதம் ஒரு விண்ணப்பத்தைத் திருத்தித் தருமாறு கொண்டுவந்தார். கல்விக் கடன் கோரி வங்கி மேலாளருக்கு ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பக்கக் கடிதம் அது. தந்தைக்கு வேலை போய்விட்டது. கட்டணம் செலுத்த வேண்டிய நாள் நெருங்குகிறது. அதில் சொல்லப்பட வேண்டிய செய்திகள் இவ்விரண்டே. அவையோ, போட்டித் தேர்வுக்காக அவர் மனனம் செய்திருந்த அருஞ்சொற்களின் அடியில் புதைந்து கிடந்தன. 'பெக்யூனியரி' என்ற சொல் மட்டும் மூன்று இடங்களில் இருந்தது.

அவரைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை நானும் இளமையில் அப்படித்தான் எழுதினேன். என் நெறியாளர் அதில் பாதிச் சொற்களை அடித்துவிட்டு, நூலகத்திலிருந்து ஒரு நூலை எடுத்துப் படிக்கச் சொன்னார். அது மகாகனம் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியாரின் கடிதங்களின் தொகுப்பு. பேரரசின் சிறந்த ஆங்கிலப் பேச்சாளர்களில் ஒருவர் எனப் புகழப்பட்டவரின் எழுத்தில், அகராதியைத் தேடி ஓடச் செய்யும் சொற்கள் அரிதாகவே இருந்தன. அந்த வியப்புதான் அவரது வாழ்க்கையை நாடிப் படிக்க என்னைத் தூண்டியது.

கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில், 1869 செப்டம்பர் 22 அன்று, வைதிகத் தொழில் செய்த ஏழைக் குடும்பத்தில் சாஸ்திரியார் பிறந்தார். காந்தியடிகள் பிறந்தது அதற்குப் பத்து நாள் கழித்து. ஆங்கிலம் அவருக்கு வீட்டில் கிடைத்த மொழியன்று; கும்பகோணத்துப் பள்ளியிலும் அரசுக் கல்லூரியிலும் உழைத்துப் பெற்றது. மாயவரம் நகராட்சிப் பள்ளியில் ஆசிரியரானார். பின்னர் சேலத்தில் பணியாற்றிவிட்டுச் சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராகப் பெயர் பெற்றார்.

பொருளியல் ஆசிரியனான என்னை ஈர்க்கும் செய்தி ஒன்று அக்காலத்தைச் சேர்ந்தது. 1904-இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் அவரும் ஒருவர். நடுத்தரக் குடும்பங்கள் கலப்படமின்றி, சரியான எடையில் பொருள் வாங்க வழி செய்த அமைப்பு அது. வகுப்பறையில் சொற்களை நிறுத்துப் பயன்படுத்தக் கற்பித்த ஆசிரியர், கடைத்தெருவில் அரிசியும் பருப்பும் சரியாக நிறுக்கப்பட வேண்டும் என்றும் கவலைப்பட்டிருக்கிறார். இவ்விரண்டும் ஒரே மனத்தின் இயல்புகள் என்றே நான் கருதுகிறேன். கடனைக் குறிக்கும் 'கிரெடிட்' என்ற சொல் நம்புதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழிலோ 'நாணயம்' என்பது காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும்.

1907-இல் அவர் கோபால கிருஷ்ண கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். தலைமையாசிரியர் பதவியைத் துறந்து, எளிய வாழ்வை ஏற்றுக்கொண்ட முடிவு அது. 1915-இல் கோகலே மறைந்தபின் சங்கத்தின் தலைமை அவரிடம் வந்தது. 1919-இல் ரௌலட் மசோதாவை எதிர்த்து மத்திய சட்டசபையில் அவர் ஆற்றிய உரை நாடெங்கும் பேசப்பட்டது. ஆத்திரச் சொற்களைத் தவிர்த்து, ஆட்சியாளர்களுக்குப் புரியும் மொழியிலேயே அவர்களது அநீதியை எடுத்துக்காட்டினார். 1921-இல் லண்டனில் நடந்த பேரரசு மாநாட்டிலும், அதன்பின் வாஷிங்டன் ஆயுதக் குறைப்பு மாநாட்டிலும் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்தார்.

இந்த நிதானத்தை எல்லோரும் மெச்சவில்லை. ஒத்துழையாமை இயக்கத்தை அவர் ஏற்காததால், ஆட்சியாளர்களின் நண்பர் என்ற பழிச்சொல் இறுதிவரை அவரைத் தொடர்ந்தது. மென்மையான சொல் சில நேரங்களில் வேகமற்ற அரசியலுக்கு வழிவிடும் என்ற விமர்சனத்தில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆயினும், 1927-இல் தென்னாப்பிரிக்காவுக்கு இந்தியாவின் முதல் பிரதிநிதியாக அவரை அனுப்ப வேண்டும் என்று விரும்பியவர்களுள் காந்தியடிகளும் ஒருவர். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர், தெலுங்கர் முதலியோரின் வழித்தோன்றல்கள் அங்கே உயர்கல்விக்கு வழியின்றி இருந்தனர். அங்குள்ள இந்தியர்களிடமே நிதி திரட்டி, டர்பனில் அவர் தொடங்கிவைத்த முயற்சி சாஸ்திரி கல்லூரியாக எழுந்தது. தம்மை உயர்த்திய மொழிக் கல்வி கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்று அவர் உழைத்ததை, அவரது பேச்சாற்றலுக்கும் மேலாக நான் மதிக்கிறேன்.

கருத்து வேறுபாடுகளுக்கு அப்பால், காந்தியடிகளும் அவரும் சகோதரர்களாகவே பழகினர். காந்தியடிகளின் ஆங்கிலத்தில் பிழை கண்டால் சுட்டிக்காட்டும் உரிமை அவருக்கு இருந்தது. சத்திய சோதனையை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதன் திருத்திய பதிப்பு 1940-இல் வெளிவந்தபோது, மொழியைச் செப்பம் செய்த அறிஞரின் பெயர் அதில் இல்லை. பெயரை வெளியிடக்கூடாது என்ற நிபந்தனையுடன்தான் அப்பணியை அவர் ஏற்றிருந்தார். அவர் சாஸ்திரியார் என்பது பின்னரே தெரியவந்தது. உலகெங்கும் படிக்கப்படும் ஒரு நூலில் அவரது சொல்லறிவு பெயரின்றிக் கலந்திருக்கிறது.

அவரிடம் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர் அவர். 1940-இல் அறிவியல் கலைச்சொற்களை வகுக்கச் சென்னை மாகாண அரசு அமைத்த குழுவுக்கு அவரே தலைவரானார். அக்குழு வடசொற்களின் பக்கம் சாய்வதாகத் தமிழறிஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதற்கு முன்பே, 1938-இல், சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் தமிழிலேயே கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டிருந்தது. ஆங்கிலச் சொல்லை அத்தனை நுட்பமாக எடைபோட்டவர், தமிழ் வேர்களின் ஆக்கத் திறனைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பிறமொழிப் புலமை தாய்மொழியின் வலிமையை மறைத்துவிடக் கூடும் என்ற எச்சரிக்கையை அவரது வாழ்விலிருந்தே நாம் பெறலாம். 1946 ஏப்ரல் 17 அன்று அவர் மறைந்தார்.

அந்த மாணவியிடம் 'பெக்யூனியரி' என்ற சொல்லின் பிறப்பைச் சொன்னேன். லத்தீனில் 'பெகூஸ்' என்றால் கால்நடை. அதிலிருந்து பணத்தைக் குறிக்கும் 'பெகூனியா' வந்தது. தமிழிலும் மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்ற பொருள் உண்டு. திருவள்ளுவர் கல்வியின் சிறப்பைச் சொல்லுமிடத்தில் அச்சொல்லை அப்பொருளில் ஆண்டிருக்கிறார். இதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. இனி அச்சொல்லை மறக்கமாட்டேன் ஐயா என்றார். அப்படியானால் கடிதத்திலிருந்து அதை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, மூன்று இடங்களிலும் அவரே அடித்தார். தந்தைக்கு வேலை இல்லை என்பதை எளிய ஆங்கிலத்தில் முதல் வரியிலேயே எழுதினார்.

ஒரு சொல்லின் வேரை அறிந்தவருக்கு, அது எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்பதும் மெல்லப் புலப்படும். நாளுக்கு முப்பது சொற்கள் என மனனம் செய்யும் நம் பிள்ளைகள் மூன்று சொற்களைப் படித்தாலும் போதும். அவற்றின் வேரையும், அவற்றுக்கு நிகரான தமிழ்ச் சொல்லையும் சேர்த்தே படிக்கட்டும். திருவல்லிக்கேணியில் அந்தத் தலைமையாசிரியரின் வகுப்பில் இடம் கிடைக்காத நமக்கு, அவரது கடிதங்களேனும் நூலகங்களில் இருக்கின்றன.